சிவப்பில் நின்ற ஊசி

தணிகாசலம் சார் ஆள்காட்டி விரல் நகத்தால் டேஷ்போர்டு கண்ணாடியை மூன்று முறை தட்டினார். இஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஊசி அசையவில்லை. சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றுகொண்டிருந்தது.

"வண்டிய ஓரங்கட்டும்மா" என்றார்.

பிலோமினா ஓரங்கட்டினாள். மார்கழிப் பனி. விடிய இன்னும் நேரம் இருந்தது. ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் பனி புகை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. நான் பின்சீட்டிலிருந்து இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் ஹோஸில் புறங்கையை வைத்தேன். கையை எடுக்காமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ண முடிந்தது.

"சூடு சரியாத்தான் சார் இருக்கு. தாராளமா போலாம்."

"அப்ப ஊசி பொய் சொல்லுதுங்கற."

"ஆமா சார்."

"சரி, பொய்யாவே இருக்கட்டும். நாளைக்கு நெசமாவே இஞ்சின் கொதிச்சா, அத வேற எந்த ஊசி வந்து நமக்குச் சொல்லும்?"

பானெட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இந்தத் தொடரில் போன வாரம், நான் பம்பாயிலிருந்து கையில் ஒரு பையோடு திரும்பி வந்ததுவரை எழுதியிருந்தேன். நடுவில் பல வருடங்களைத் தாண்டி இங்கே குதித்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையும் வரிசையாக நடந்ததில்லை. இது நடந்தது இரண்டு மூன்று மார்கழிக்கு முன்னால்தான்.

திங்களும் வியாழனும்

பிலோமினா எனக்குப் பக்கத்துப் போர்ஷன்காரி. மந்தாரக்குப்பத்தில் ஒரே ஓட்டு வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து எங்கள் இருவருக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். கணவர் இறந்த பிறகு நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கேன்டீனில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்த்தாள். கான்ட்ராக்ட் கை மாறியபோது புது ஆள் அவளை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியாகக் கைக்கு வந்ததை வைத்து, வடலூரில் ஒருவரிடம் மஞ்சள் போர்டு போட்ட பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினாள். நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்தாள்.

அவளுக்கு அமைந்த நிரந்தர சவாரி ஒன்றே ஒன்று. திங்களும் வியாழனும் விடியும் முன்னே கிளம்பி, இரண்டு பேரைக் கடலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், மதியம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ஒருவர் தணிகாசலம் சார். நிலக்கரி நிறுவனத்தில் பாய்லர் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அதே நிறுவனத்தில் பெர்மனென்ட் ஆன மகனோடு குவாட்டர்ஸில் இருந்தார். இன்னொருவர் காவேரியம்மா. முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரி உடைக்கிற வேலை பார்த்தவர். வண்டிச் செலவில் பெரும்பகுதி சாருடைய மகன் கொடுப்பது. காவேரியம்மா முடிந்ததைக் கொடுப்பார். இறக்கும்போதும் ஏற்றும்போதும் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு நான்.

வண்டி வந்த இரண்டாவது வாரத்திலிருந்தே அந்த ஊசி படுத்தியது. காலையில் போகும்போது சிவப்பை நோக்கி ஏறும். மதியம் உச்சி வெயிலில் திரும்பும்போது நடுவில் சாதுவாக நிற்கும். பனியில் சூடாகி வெயிலில் ஆறுகிற வண்டியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முன்சீட்டில் சார். முப்பது வருடம் ஊசிகளையே பார்த்துக்கொண்டு நின்றவர். அவருக்குச் சாலை கண்ணில் படவே படாது.

"நீ பாட்டுக்கு அதயே மொறச்சிகினு வந்தா அது எறங்கிடுமா சாரு?" என்பார் காவேரியம்மா பின்னாலிருந்து. "கண்ண மூடிகினு வா. ஊரு வந்ததும் எழுப்பறேன்."

"பாய்லர்ல கண்ண மூடனவன் யாரும் திரும்பத் தொறந்ததில்லம்மா" என்பார் சார்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்ன அந்தத் திங்கட்கிழமை மதியம் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று நிதானமாகச் சொன்னார்.

"ஏம்மா பிலோமினா, உன்மேல எனக்கு ஒரு கொறயும் இல்ல. நல்லா ஓட்டற. ஆனா சிவப்புல ஊசி நிக்கற வண்டில நான் ஒக்காந்து வரமாட்டேன். வியாழக்கெழம சரியா இருந்தா வரேன். இல்லன்னா பையன் வேற வேன் பாத்து வெச்சிருக்கான்."

வேனில் ஒருவருக்குத்தான் இடமாம். அவர் போய்விட்டால் பிலோமினாவுக்கு சவாரி இல்லை. காவேரியம்மாவுக்கு வண்டி இல்லை. மூன்று பஸ் மாற வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிற ஆளுக்குப் பஸ் படி மலை மாதிரி.

பிலோமினாவும் நானும் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்று, "அந்த வடலூர்க்காரன் ஏமாத்திட்டான்ணே" என்றாள். "பொம்பள, வண்டியப் பத்தி என்னா தெரியும்னு தலயில கட்டிட்டான்." அன்று சாயந்திரம் அவருக்குப் போன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். கோயிலுக்கு வருகிறவர்களிடமும் சொன்னாள்.

கையால் ஜுரம் பார்த்த காலம்

நான் புறங்கையை நம்பியதற்கு ஒரு கதை இருக்கிறது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியவன் நான். முதலில் லாரியில் கிளீனர். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை அவசரப்பட்டுத் திறந்து, வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்தது. டிரைவர் அந்தக் கையில் பல் தேய்க்கிற பேஸ்டைத் தடவிவிட்டு, "இனிமே தொறக்கமாட்ட" என்றார். அதோடு வண்டி கிளம்பியது. இப்போதும் அந்த இடத்தில் முடி முளைப்பதில்லை.

பிறகு போர்வெல் வண்டி, பம்பாய், திரும்பி வந்ததும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். கன்வேயர் பெல்ட்டில் வேலை. நிலக்கரி போகிற பெல்ட் ஓரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெல்ட் உருளைகளின் பேரிங் இருக்கிற இரும்புக் கூட்டின்மேல் புறங்கையை வைத்து எண்ண வேண்டும். ஐந்துவரை தாங்கினால் நல்லது. மூன்றில் கை எடுத்தால் கிரீஸ். ஒன்றிலேயே எடுத்தால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். கையால் ஜுரம் பார்க்கிற டாக்டர்கள் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்வோம்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிடுவார்: "தொங்கற ஒயரப் பாத்தா டேப் சுத்து. எதுக்கு, எங்கேர்ந்து வருதுன்னு கேக்காத. அது உன் வேல கெடையாது." ஆளுக்கொரு கறுப்பு டேப் இடுப்பில் இருக்கும். சுற்றி முடித்ததும் நுனியை முக்கோணமாக மடித்துவிடுவேன். பின்னால் வருகிறவன் நகத்தால் சுரண்டாமல் சட்டென்று பிரிக்க. அது எனக்கு நானே வைத்துக்கொண்ட பழக்கம். மேஸ்திரிகூட ஒருநாள் அதைப் பார்த்து, "படிச்சவன் மாதிரி பண்ற" என்றார். நான் பார்த்த வேலைகளில் கிடைத்த பாராட்டுகளில் அதுவும் ஒன்று. எண்ணிக்கை அதிகமில்லை.

எட்டு வருடம் அந்தத் தூசியில் இருந்தேன். சுரங்கத்தை விட்ட பிறகும் கை அந்த வேலையை விடவில்லை. எந்த வண்டியில் ஏறினாலும் தொட்டுப் பார்க்கும். எங்கே ஒயர் தொங்கினாலும் டேப்பைத் தேடும்.

செவ்வாய்க்கிழமை வைத்தியம்

நெய்வேலியில் ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்தால் போதும். டீக்கடையில் இருக்கிற அத்தனை பேரும் தங்கள் செக்‌ஷனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பம்ப் ஹவுஸில் இருந்தவர் வாட்டர் பம்ப் என்றார். எலெக்ட்ரிகலில் இருந்தவர் ஆல்டர்னேட்டர் என்றார். ஸ்டோர்ஸில் இருந்தவர், எதையும் பார்க்காமலே, "பார்ட் டூப்ளிகேட்" என்றார்.

மெக்கானிக் அமைதியான ஆள். இஞ்சினில் இருக்கிற சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றினார். ஊசி அடியில் விழுந்தது. அதே ஒயரை இஞ்சின் இரும்பில் தொட்டார். ஊசி சிவப்பைத் தாண்டிப் போய் முட்டியது.

"மீட்டர் நல்லாத்தான்ணே இருக்கு. சென்சார மாத்திடுவோம்" என்றார்.

மாற்றும்போது தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பார்த்தோம். இஞ்சின் சூடாகிறவரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற சின்ன வால்வு அது. யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு எல்லாருமே தூக்கிப் போட்டுடறாங்க" என்றார் மெக்கானிக், தான் அந்த எல்லாரில் இல்லாதவர்போல. புது வால்வும் போட்டார்.

ஒரு மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டோம். ஊசி நடுவில் நின்றது. பிலோமினா போனில் அதைப் படம் பிடித்து சாருக்கு அனுப்பினாள். அவர் பதிலுக்கு, நேரில் பார்க்கிறேன் என்று அனுப்பினார்.

கண்ணாடிக் கூட்டில் வந்த தெர்மாமீட்டர்

புதன்கிழமை மதியம் வண்டியை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனோம். சார் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றோடு வெளியே வந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்த நீளக் கண்ணாடித் தெர்மாமீட்டர். இஞ்சின் ஆறுகிறவரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னார். நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் திறந்தேன். ஆறிய மூடியானாலும் அப்படித்தான்.

தெர்மாமீட்டரைத் தண்ணீரில் நிறுத்தி, பிலோமினாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். வேப்பமர நிழலில் மூன்று பேரும் அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்து நின்றோம். பாதரசம் ஏறி எண்பதைத் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றது. அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஊசி நடுவில்.

"ரெண்டும் ஒத்துப்போவுது" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "எப்பவும் ரெண்டு மீட்டர் வேணும்ப்பா. ஒண்ணு சொல்றத இன்னொண்ணு ஒத்துக்கணும்."

கிளம்பும்போது டீசல் மீட்டரைக் காட்டி, "கொறச்சலா இருக்கே?" என்று பிலோமினாவிடம் கேட்டேன்.

"காலையில பாருங்கண்ணே, கால் டேங்க்குக்கு ஏறிடும். மதியம் எறங்கிடும். மாதா புண்ணியத்துல விடியறதுக்குள்ள ஊறுது" என்று சிரித்தாள். வண்டி நிற்கிற சரிவில் டீசல் சாய்கிறது என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். கூடக் காட்டுகிற மீட்டரை யார் சந்தேகப்படுவார்கள்?

முத்தாண்டிக்குப்பம் தாண்டி

வியாழக்கிழமை. டவுன்ஷிப்பைத் தாண்டும்போதே ஊசி நடுவைவிட்டு ஏற ஆரம்பித்தது. சார் ஊசியைப் பார்த்தபடி வந்தார். கண்ணாடியைத் தட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முத்தாண்டிக்குப்பத்தில் காவேரியம்மாவை ஏற்றிக்கொண்டோம். பிலோமினாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஊசி சிவப்பைத் தொட்டது.

ஊரைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இஞ்சின் இரண்டு முறை விக்கியது. பிறகு நின்றுவிட்டது.

சார் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி, "நான் சொன்னேன்" என்றார். சத்தமே இல்லாமல்.

நான் இறங்கி ஓடிப்போய்ப் புறங்கையை வைத்தேன். ஐந்துவரை எண்ணினேன். ஏழும் ஆனது. "சூடே இல்ல சார்."

"ஆஸ்பத்திரில நம்ம பெட்ட வேற யாருக்காச்சும் குடுத்துடுவாளுங்க" என்று காவேரியம்மா போனை எடுத்தார். "சிஸ்டரு, நான் காவேரி. வண்டி நின்னு போச்சு. வந்துகினேகிறோம். பெட்ட யாருக்கும் குடுத்துடாத, உனுக்குப் புண்ணியமா போவும்."

பிலோமினா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி போய்விடக் கூடாதே என்று ஹெட்லைட்டை அணைத்தாள்.

"இரு" என்றார் சார்.

ஊசி சிவப்பிலிருந்து சரிந்து நடுவுக்கு வந்திருந்தது. அதன் பக்கத்தில் கால் டேங்க் காட்டிக்கொண்டிருந்த டீசல் ஊசி அடியில் கிடந்தது.

"லைட்டப் போடும்மா."

போட்டாள். இரண்டு ஊசிகளும் கைகோத்துக்கொண்டு ஏறின.

"அணை."

இரண்டும் விழுந்தன.

சார் அப்படியே சீட்டில் சாய்ந்தார். "முப்பது வருஷம்" என்றார். "முப்பது வருஷம் ரெண்டாவது மீட்டரப் பாருன்னு அடுத்தவனுக்குச் சொன்னேன். என் மூக்குக்குக் கீழயே ஒண்ணு இருந்திருக்கு."

"அப்ப டீசலே இல்லியா?" என்றார் காவேரியம்மா. "ஏன்டி பிலோமி, ஊறுதுன்னு சொன்னியே?"

பிலோமினாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பண்ருட்டிக்குப் போகிற பால்வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, கேனோடு ஏறினேன். திரும்பி வந்தபோது விடிந்திருந்தது. டீசல் வண்டி ஒருமுறை காய்ந்துவிட்டால் ஊற்றினால் மட்டும் போதாது. குழாயில் ஏறிய காற்றை வெளியேற்ற வேண்டும். நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வருகிறவரை பம்ப் பண்ணினேன். லாரி கற்றுக்கொடுத்ததில் எல்லாமே வீணாகவில்லை. இஞ்சின் பிடித்தது. வெளிச்சம் வந்துவிட்டதால் லைட் வேண்டியிருக்கவில்லை. ஊசி நடுவில். திருவதிகை தாண்டும்போது காவேரியம்மாவின் போன் அடித்தது. பெட் இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றார் சிஸ்டர்.

முக்கோண மடிப்பு

அவர்கள் இருவரும் உள்ளே போன பிறகு நான்கு மணி நேரம் இருந்தது. ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில், கால்கள் வெளியே நீட்டியிருக்க, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். பிலோமினா போன் டார்ச்சைப் பிடித்தாள்.

லைட் போட்டால் இரண்டு ஊசியும் ஏறுகிறது என்றால், டேஷ்போர்டு விளக்குக்குப் போகிற கரண்டுக்குத் திரும்ப வழி இல்லை என்று அர்த்தம். அது ஊசிகள் வழியாகத் திரும்புகிறது. போகிற போக்கில் அவற்றைத் தள்ளிவிட்டுப் போகிறது. விடியும் முன் லைட் போடும்போது மட்டும் சூடு ஏறியதும் டீசல் ஊறியதும் அதனால்தான். கரண்டை வண்டியின் இரும்புக்குத் திருப்பிவிடுகிற எர்த் ஒயர் ஒன்று எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

ஒயர் கற்றைக்குப் பின்னால், மேலே ஒளித்து வைத்ததுபோல் அது இருந்தது. ஒரு கறுப்பு ஒயர். நுனி முழுக்க டேப். நெருக்கமாக, சுத்தமாகச் சுற்றிய டேப். கடைசி நுனி முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது.

அப்படியே கிடந்தேன்.

வண்டி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. பிலோமினா பூசைக்குப் போயிருந்தாள். அவளுக்கு ஓர் உதவி என்று நான் வண்டியைச் சுத்தம் செய்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் எலி கட்டியிருந்த கூட்டை எடுத்தேன். ஒரு ஒயர் வளையத்தோடு தொங்கியது. இடுப்பில் இல்லாத டேப்பைப் போய் வீட்டிலிருந்து எடுத்து வந்து சுற்றினேன். எதுக்கு, எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. எலி ஆட்டி ஆட்டி ஒரு திருகு கழன்றிருந்தது, அவ்வளவுதான். அதைத் திரும்ப மாட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை.

டேப்பை உரித்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, திருகு லூசாக இருந்தது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் உண்மை யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வடலூர்க்காரர் திருடனாகவே இருப்பார். அவரை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். வண்டியைக் கொடுக்கும்போது பானெட்டை ஒரு தரம் தடவிக்கொடுத்தார்.

"என்னாண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றாள் பிலோமினா.

"இல்லம்மா. இத சுத்தனது நான்தான்."

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்த டேப்பை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். எதிரே வண்டிகளை ஒழுங்குபடுத்துகிற வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன எப்படியெல்லாம் பேசிட்டேன்" என்றாள்.

"நான் போய்ச் சொல்லிடறேம்மா."

"நீங்க மட்டும் எதுக்கு? பேசுனது நானு. கிறிஸ்துமஸ் கேக் போட்டதும் எடுத்துகினு ரெண்டு பேருமே போலாம்." பிறகு ஒரு நொடி விட்டு, "ஆனா இனிமே நான் கோயிலுக்குப் போற நேரத்துல என் வண்டிகிட்ட வராதீங்கண்ணே" என்றாள்.

எலிக் கூட்டோடு சேர்ந்து பழைய திருகு எங்கே போனதோ. வாட்ச்மேனின் நாற்காலியிலிருந்து, அவர் சம்மதத்தோடு, ஒன்றைக் கழற்றி மாட்டினேன். லைட்டைப் போட்டோம். ஊசிகள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. டேஷ்போர்டு விளக்குகள்கூடப் பளிச்சென்று எரிந்தன. அதுவரை அவை மங்கலாக எரிந்ததை வயசான வண்டி என்று விட்டிருந்தோம்.

மதியம் சாரைத் தாங்கிக் கொண்டுவந்து முன்சீட்டில் உட்கார வைத்தேன். முகம் வெளுத்திருந்தது. இருந்தும் முதல் கேள்வி, "எங்க இருந்துது?"

சொன்னேன். நான் செய்தது என்பதையும் சொன்னேன். அந்த டேப்பைக் கேட்டு வாங்கி, முக்கோண நுனியைத் தடவிப் பார்த்தார்.

"இது எதுக்கு மடிச்சிருக்க?"

"பின்னால வர்றவன் பிரிக்கறதுக்கு சார்."

"பிரிக்க ஈசியா இருந்துதா?"

"இருந்துது சார்."

"அப்ப சரி" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வீட்டு வாசலில் வேன் எதுவும் நிற்கவில்லை. ஸ்வெட்டரும் மப்ளருமாக அவரே நின்றிருந்தார். பனி முன்பைவிட அடர்த்தி. பிலோமினா ஹெட்லைட்டைப் போட்டபோது என் கை தானாக முன்சீட்டைப் பிடித்துக்கொண்டது. ஊசி மெதுவாக எழுந்து நடுவுக்கு வந்து நின்றது. சார் பார்த்துக்கொண்டே வந்தார். டவுன்ஷிப் முடிகிறவரை பார்த்தார். ஒருமுறை டீசல் ஊசியைப் பார்த்தார். மறுபடி இதைப் பார்த்தார்.

முத்தாண்டிக்குப்பத்தில் காவேரியம்மா ஏறி உட்கார்ந்ததும், "இன்னா சாரு, ஊசி இன்னா சொல்லுது?" என்றார்.

பிலோமினா உதட்டில் விரலை வைத்துத் திரும்பினாள்.

சாரின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. காவேரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, தன் சால்வையின் ஒரு முனையை எடுத்து அவர் தோளில் போட்டார். பிலோமினா கியரைச் சத்தமில்லாமல் போட்டாள். கடலூர் போய்ச் சேரும்வரை அந்த ஊசியை நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.